கண்ணை மூடிக் கேட்கிறவர்

புதிதாக வந்த ஹெட் கோச் ஹாக்கி மைதானத்துக்குள் நுழைந்தபோது, அசிஸ்டண்ட் கோச் தூங்கிக்கொண்டிருந்தார்.

மேற்குப் பக்க கோலுக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதனடியில் பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் சந்திரமோகன் சார். விடிந்தும் விடியாத வெளிச்சம். கடல் பக்கமிருந்து வந்த பனி கலையாமல் மைதானத்தின் மேல் மிதந்துகொண்டிருந்தது. மரத்திலிருந்து ரோஸ் கலர் பூ ஒன்று உதிர்ந்து சார் தோளில் உட்கார்ந்திருந்தது. பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது. பார்த்தது ஹெட் கோச் என்பதுதான் வம்பு.

"இவரு யாரும்மா?" என்று கேட்டார் ஜெயசித்ரா மேடம்.

கேப்டன் கார்குழலி முன்னால் ஓடி வந்தாள். அசிஸ்டண்டாக யாரை வைத்துக்கொள்வது என்று புது ஹெட் கோச்சே முடிவு செய்யலாம் எனக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். கடலூரில் இளம்பரிதி என்று ஒருவரை மேடம் ஏற்கெனவே பார்த்து வைத்திருப்பதாகவும் பேச்சு.

"எங்க அசிஸ்டண்ட் கோச் மேடம். தூங்கல. கண்ண மூடிக்கிட்டு பந்து சத்தத்தக் கேக்குறாரு. யாரு அடி சரியில்லன்னு சத்தத்த வெச்சே சொல்லிடுவாரு."

அந்தப் பொய் எங்கிருந்துதான் வந்ததோ, சொன்னவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நல்ல வேளை, சாருக்குக் குறட்டை விடும் பழக்கம் இல்லை.

"அப்படியா" என்றார் மேடம். "கழுத்துல ஏன் ரெண்டு கயிறு?"

"ஒண்ணு விசில் மேடம். இன்னொண்ணு சாமிக் கயிறு."

இன்னொன்று ஆஸ்பத்திரி பாஸ். சாரின் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். சார் ராத்திரியெல்லாம் வார்டில் முழித்துக் கிடந்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து நேராக மைதானத்துக்கு வருவார். லீவு போட்டால் அவ்வளவுதான், தற்காலிக வேலை. வந்து உட்கார்ந்தால் கண் தானாகச் சொருகிவிடும். பாஸைச் சட்டைக்குள் தள்ளிவிடுவதுகூட டீம் பிள்ளைகள்தான்.

பொம்பளப் பிள்ளைக்கு என்ன ஹாக்கி என்று கேட்ட கார்குழலியின் அப்பாவிடம், கடற்கரையில் அவரோடு உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டே பேசிச் சம்மதம் வாங்கியவர் சார். அவருக்காக ஒரு பொய் சொன்னால் என்ன?

ஆனால் ஒரு பொய்யோடு விடுகிறதா? பயிற்சி முடிந்ததும் மேடம் தினமும் கேட்பார்.

"இன்னிக்கு சாரு என்ன சொன்னாரு?"

"அபி பந்த வாங்கறப்ப ரொம்ப நிமுந்து நிக்கிறாளாம் மேடம்."

சார் சொன்னதாகச் சொல்ல ஏதாவது வேண்டுமே. அதற்காகவே ஒருத்தி ஆட்டத்தை இன்னொருத்தி உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். மாதக் கடைசியில் பார்த்தால், யாருமே சொல்லிக்கொடுக்காமல் டீம் உருப்பட்டிருந்தது.

"எல்லாரும் ஏன் கிழக்குப் பக்க கோலுக்கே அடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டார் மேடம்.

"மேக்கால தரை சரியில்ல மேடம்."

தரைக்கு ஒன்றுமில்லை. ஹாக்கி கோலின் அடியில் பலகை இருக்கும். பந்து பட்டால் வெடி போட்ட மாதிரி சத்தம் வரும். மேற்கு கோலுக்கும் சார் நாற்காலிக்கும் நடுவே பத்தடிகூடத் தேறாது.

நடுவில் சார் முழித்துக்கொண்டால் அசட்டுச் சிரிப்போடு கேட்பார். "கொஞ்சம் கண்ணசந்துட்டேன் போல. நல்லா ஆடுனீங்களாம்மா?"

"சூப்பரா ஆடுனோம் சார்."

ஒரு பனிக்காலையில் திடீரென்று பிரின்சிபால் மைதானத்துக்கு வந்துவிட்டார். மரத்தடியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"என்ன மேடம், ஆளு தூங்குறாரு? பேசாம இளம்பரிதிய வரச் சொல்லிடலாமா?"

கார்குழலி மேடத்தின் வாயையே பார்த்தாள். சாரின் வேலை அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தூங்கல சார்" என்றார் மேடம். "கண்ண மூடிக்கிட்டு பந்து சத்தத்தக் கேக்குறாரு. பொண்ணுங்க ஆட்டத்தப் பாருங்க, எப்படித் தேறியிருக்காங்கன்னு. எனக்கு இவரே போதும்."

பிரின்சிபால் கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு பெரிய வித்வானின் கச்சேரியிலிருந்து பாதியில் எழுந்து போகிறவர் மாதிரி, ஓசைப்படாமல் நடந்து வெளியேறினார்.

கார்குழலிக்குச் சந்தோஷம் பொங்கியது. கூடவே ஒரு முள்ளும் குத்தியது. பாவம், மேடம் நம்பிவிட்டார். தன் ஆளை விட்டுவிட்டு, ஒரு பொய்யை நம்பிச் சாரையே வைத்துக்கொள்ளப் போகிறார். இவ்வளவு நல்லவரை ஏமாற்றலாமா? சொல்லிவிடுவோம். திட்டினால் திட்டட்டும்.

"மேடம், ஒரு விஷயம்..." என்று கிட்டே போனாள்.

அந்த நேரம் பார்த்து, ஆட்டத்தின் வேகத்தில் எல்லாவற்றையும் மறந்துபோன அபி, பந்தை உருட்டிக்கொண்டு மேற்கு கோலை நோக்கிப் பாய்ந்தாள். எதிரே யாருமில்லை. மட்டையை ஓங்கிவிட்டாள். கத்தித் தடுக்கலாம் என்றால் கத்தினாலும் சார் முழித்துக்கொள்வார். கார்குழலி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பக்கத்திலிருந்த மேடத்தைக் காணோம். பனிக்குள் புகுந்து ஓடி, குறுக்கே விழுந்து, அபி அடித்த பந்தைத் தன் மட்டையால் மடக்கிப் போட்டிருந்தார். முழங்காலில் நல்ல சிராய்ப்பு. மரத்தடியில் ஒரு பூ உதிர்ந்தது. சார் அசையவில்லை.

மேடம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, அபியின் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்.

"இந்தப் பக்கம் வேணாம்டி. பலகையில பட்டா முழிச்சிக்குவாரு."