கோமாரின் ஒன்பதாவது சுற்று

"கோமார் இன்னும் வெளியே போகவில்லை!" என்று ஒலிபெருக்கி அலறியதும், பீர் கோப்பைகளோடு நின்ற கூட்டம் முதலிடத்தை விட்டுவிட்டுக் கடைசி இடத்தைத் திரும்பிப் பார்த்தது.

சைக்கிள் மாற்றும் கொட்டகையில் கிரீட் தண்ணீர்க் குழாயை நிறுத்தினாள்.

ஊர்த் தபால்காரன் கோமார் அவள் புருஷன். ஆனால் அவள் கழுவி வைத்திருந்த சைக்கிள் யெல்லேயுடையது. முதலில் போய்க்கொண்டிருப்பவன் அவன்தான். சேறு அப்பிய சைக்கிளை அவள் கையில் தள்ளிவிட்டு, சுத்தமானதில் தாவி ஏறிப் பறப்பான். மூன்று வருடமாக அவனுக்கு அதுதான் பழக்கம், அவளுக்கு அதுதான் வேலை.

ஹீர்பெக் ஊரின் சேற்றுச் சைக்கிள் பந்தயத்துக்கு இது நாற்பத்தோராவது டிசம்பர். எந்த வருடம் யார் ஜெயித்தார் என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் விழிப்பார்கள். கோமாரை எந்தச் சுற்றில் வெளியேற்றினார்கள் என்று கேட்டால் ஆளாளுக்குச் சொல்வார்கள். பனி கொட்டிய வருடம் மூன்றாவது சுற்று. மணல்மேட்டில் பாதிரியார் வழுக்கி விழுந்த வருடம் ஐந்து. போன வருடம் ஏழு.

முதலில் வருபவன் ஒரு சுற்று முந்திப் பின்னால் நெருங்கிவிட்டால், மாட்டிக்கொண்டவனை நடுவர் விசிலடித்து ஓரங்கட்டிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக அந்த விசில் கோமாருக்காகவே ஒலித்தது.

அடுத்த வருடத்திலிருந்து கோமாரைப்போல நாற்பது வயது தாண்டியவர்களுக்குக் காலையில் தனிப் பந்தயமாம். காலையில் மாடுகளைத் தவிர யார் வந்து பார்ப்பார்கள்? இன்று விட்டால் விட்டதுதான்.

இதோ வருகிறான். தோளில் சைக்கிள், முழங்கால் வரை சேறு, மூக்கு நுனியில் ஒரு சொட்டு.

"மெதுவா போப்பா தபால்காரரே, லெட்டர் நனைஞ்சிரப் போகுது!" என்று பாதையோரக் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் கத்தினார். கத்தியவரே அடுத்த நொடி, "ஓடுடா, ஓடு!" என்று தொண்டை கிழியக் கூவினார்.

கோமார் முடிப்பது எட்டாவது சுற்று. யெல்லே ஓட்டுவது ஒன்பதாவது, கடைசிச் சுற்று. அவனுக்கு முன்னால் முடிவுக் கோட்டைத் தொட்டுவிட்டால் போதும், கோமாரை இனி யாரும் நிறுத்த முடியாது. பாக்கி ஒரு சுற்றைத் தனியாக ஓட்டி முடித்துக்கொள்ளலாம்.

அதற்குள் யெல்லே வளைவில் தெரிந்தான்.

கிரீட் இருவருக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தாள். யெல்லேயின் வேகம் அவளுக்கு அத்துப்படி. கோமாரின் வேகம் அதைவிட அத்துப்படி. மூன்று விநாடி, மிஞ்சிப்போனால் நான்கு. கோமாருக்கு அவ்வளவுதான் இடிக்கிறது. யெல்லேக்குப் பின்னால் எட்டு விநாடியில் இரண்டாமவன் வேறு வாயைப் பிளந்துகொண்டு துரத்துகிறான்.

"தம்பி, பின் டயர்ல காத்து எறங்குது! உள்ள வா!"

யெல்லே அவளைப் பார்த்தான். குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். சட்டென்று கொட்டகைக்குள் திரும்பினான்.

குதித்தான், தள்ளினான், புதியதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அவன் வெளியே வந்தபோது இரண்டாமவன் பக்கத்திலேயே இருந்தான்.

அங்கே கோட்டருகே நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். கன்னம் உப்பிவிட்டது. கோமாரின் முன்சக்கரம் கோட்டைத் தாண்டியது. நடுவர் அந்த மூச்சை அப்படியே விழுங்கினார்.

ஊர் குதித்தது. யெல்லே அரைச் சக்கர வித்தியாசத்தில் ஜெயித்ததைக் கவனிக்கக்கூட ஆளில்லை.

பூங்கொத்தும் கையுமாக அவன் கொட்டகைக்கு வந்தபோது கிரீட் குனிந்து கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவன் தான் விட்டுப்போன சைக்கிளின் பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். விரல் ஒரு நெல்லளவு உள்ளே போய் நின்றது. காலையில் அவள் அளந்து நிரப்பிய அதே காற்று.

நாளையிலிருந்து வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று அவள் நினைத்தாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வருத்தமாக இல்லை.

"ஏங்கக்கா, பத்து வருஷமா இந்தச் சேத்துல உருள்றேன். காத்து எறங்கினா மொதல்ல யாருக்குத் தெரியும், எனக்கா உங்களுக்கா?"

கிரீட் மெல்லத் தலையைத் தூக்கினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பாதையோரக் கயிற்றின் மேல் சாய்ந்தபடி, காலியான பாதையில் ஒற்றை ஆளாக மணல்மேடு ஏறிக்கொண்டிருந்த தபால்காரனைப் பார்த்து, கையிலிருந்த பூங்கொத்தை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.