றால் விற்பவளின் படம்

வாவிக்கரைச் சந்தையில் காலை வெயில் றால் குவியல்மேல் மினுங்குகிறது. உதயரூபன் கைக்குள் அடங்கும் கமராவை வயிற்றோடு அணைத்து, றால் அள்ளும் சீதேவிப்பிள்ளையின் ஈரக் கைகளை அவள் அறியாமல் படம் எடுக்கிறான். பக்கத்தில் மீன் விற்பவள் கண்டுவிடுகிறாள். "சீதேவியக்கா, படம் புடிக்கிறான். சிரிச்சாத்தான் மாப்பிள்ளை வரும்!" சீதேவிப்பிள்ளை சிரிக்கவில்லை. அவசரமாகக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, காணாமல்போன மகனின் படத்தை மடியிலிருந்து எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடிக்கிறாள். இதுவரை கமராவோடு அவளிடம் வந்த பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் அந்தப் படத்துக்காகவே வந்தவர்கள். "சத்தம் கேக்கல்லியே மனே, புள்ளைட முகம் படத்தில விழுந்திச்சா?" யாரும் அறியாமல் எடுக்கவென்றே சத்தம் வராத கமராவாகத் தேடி வாங்கியவனுக்கு முகம் எரிகிறது. அவள் மகனின் படத்தைப் பிடித்த பிறகு அவன் பொத்தானை அழுத்தவேயில்லை. "ஓம் அம்மா" என்கிறான். "எந்தப் பேப்பரில வரும்?" என்று கேட்டவள், படத்தை இறக்காமலே நிற்கிறாள்.