வெள்ளி ரதத்துக்குப் பின்னால் போகும் லாரி

அய்யாக்கண்ணுவிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

ஜார்ஜ்டவுனில் நகராண்மைக் கழகத்தின் குப்பை லாரி ஓட்டுகிறவர் அவர். திங்கள் முதல் சாமான் ஸ்டோரில் உட்கார வேண்டுமாம்.

"எல்லாம் அந்த கே.எல். பொண்ணு வேலைலா," என்றார் மனைவி சந்திரிகாவிடம்.

கழகத்தைச் சீரமைக்கச் சில வாரங்களுக்குக் கோலாலம்பூரிலிருந்து ஆள் பிடித்திருந்தார்கள். பிரியா என்று பெயர்.

"ஒரு நாள் என் லாரியில ஏறி உக்காந்துச்சு. கறிபாப் தின்னுச்சு, நடுவுல பயந்து ஒரு தடவ கத்துச்சு, இறங்கிப் போச்சு. இப்ப டிரைவருங்க அதிகம்னு எழுதிக் குடுத்திருக்கு. நம்ம ரோட்டப் பத்தி அதுக்கு என்னா தெரியும்?"

வேலை போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. அவர் வலி வேறு. தைப்பூசத்தில் வெள்ளி ரதத்துக்குப் பின்னால் போய், பக்தர்கள் ரோட்டில் உடைத்த தேங்காய்களை அள்ளும் லாரி அவருடையது. விரதம் இருந்துதான் அன்றைக்கு ஸ்டீயரிங்கைத் தொடுவார். முருகனுக்கு நான் எடுக்கிற காவடி இதுதான் என்பார். இப்போது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சந்திரிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. லாரி ஓட்ட ஆள் போதவில்லை என்றுதானே இத்தனை நாள் சொன்னார்கள்? சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து கழக ஆபீசுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பிரியாவுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். எழுந்து வந்து நாற்காலி போட்டாள்.

"அவரு ஸ்டோர்லயே இருக்கட்டும்மா. தைப்பூசத்தன்னிக்கு மட்டும் லாரியக் குடுங்க."

"அன்னிக்குத்தான் ஆன்ட்டி குடுக்கவே கூடாது."

பிரியா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அங்கிளுக்கு இடது கண்ணு தெரியல. நான் லாரியில வந்த அன்னிக்கு, ஓரமா சைக்கிள்ல வந்த அம்மாவ அவர் பாக்கவே இல்ல. நான் கத்தினதாலதான் பிரேக் போட்டாரு. தைப்பூசத்துல ரோடு பூரா ஜனம், ஆன்ட்டி."

"என்கிட்டகூடச் சொல்லலயே..."

"வேலை போயிடும்னு பயந்திருப்பாரு. கண்ணுன்னு எழுதினா நிஜமாவே போயிடும். அதான் டிரைவர் அதிகம்னு எழுதினேன். முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

நன்றி சொல்வதா, அழுவதா என்று சந்திரிகாவுக்குத் தெரியவில்லை.

"டிரைவருங்க எல்லாரும் உன்னத்தான்மா கண்டபடி திட்டுறாங்க. அவரும்தான்."

"திட்டட்டும் ஆன்ட்டி. உள்ளூர் ஆள் இத எழுதியிருந்தா, தினமும் அங்கிள் மூஞ்சியப் பாக்கணும். நான் அடுத்த வாரம் இங்க இருக்க மாட்டேன்."