கோழித் தொட்டி

முகமும் கைகாலும் இல்லாத சிற்பங்களைச் செய்கிறாள் என்று, இனி எதையுமே செதுக்கக் கூடாதென இர்ம்கார்டுக்கு அரசாங்கம் தடை போட்டிருந்தது. மீறினால் சிறை. ஒரு காலையில் இரண்டு அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். கொல்லையில், நடுவில் குழிந்து, ஓரங்கள் அலைபோல் எழும்பிய வெள்ளைக்கல் ஒன்று கிடந்தது.

"இது என்ன?" என்றார் மூத்தவர்.

அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு ஓட்டோ வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "எங்க கோழிங்க தண்ணி குடிக்கிற தொட்டிங்க அது." சொன்னதோடு நிற்காமல், ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து குழியில் ஊற்றினார். கோழிகள் ஓடிவந்தன. அதிகாரிகள் சிரித்தபடி வாசலுக்குத் திரும்பினார்கள்.

தப்பித்தாயிற்று. ஆனால் இர்ம்கார்டால் அந்தக் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அந்தக் கல்லின் வளைவு சரியாக அமைய அவளுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆகியிருந்தது.

"நில்லுங்க" என்றாள் அதிகாரிகளிடம்.

ஓட்டோ வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் கோழிகளை விரட்டி, இரண்டு கைகளாலும் தண்ணீரை வாரி இறைத்தாள்.

"பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. இது தொட்டி இல்ல, சிற்பம். நான் செஞ்சது. இன்னும் முடியல."

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விறகுக்கடியில் ஒளித்திருந்த உளியையும் சுத்தியலையும் எடுத்து, ஈரக் கல்லின் மேல் உளியை வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தாள்.