மாமியார் வருமுன் வெந்நீர்

“என் மாமியார்கிட்ட நல்ல பேர் வாங்க நானூறு திர்ஹாமா? சாகிர் பாய், கொஞ்சம் மனசு வச்சுச் சொல்லுங்க!”

எலிசா இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

துபாயின் சத்வா பகுதியில் இடிபடாமல் தப்பிய பழைய வீடுகளில் ஒன்று அது. சுவருக்குள் ஓடும் குழாய்களுக்கு வீட்டு ஓனரின் வயது. கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். ஊரே செய்வதுபோல எலிசாவும் ஹீட்டரை அணைத்துவிட்டு, ஹீட்டரின் வயிற்றுக்குள் ஆறிக்கிடக்கும் தண்ணீரில் குளித்துச் சமாளித்துவிட்டாள். இப்போது டிசம்பர். தொட்டித் தண்ணீர் முதுகில் பட்டால் பல் கிட்டுகிறது. ஹீட்டரைப் போட்டால் கரண்ட் டிரிப்பாகி வீடே இருட்டாகிறது.

“நல்ல பேருக்கு இல்ல தங்கச்சி, வெந்நீருக்கு,” என்றார் சாகிர். குழாய் வேலைக் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசர், கீழக்கரைக்காரர். சொன்ன விலையிலிருந்து சட்டென்று இறங்குகிறவன் மூட்டைகட்டி ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்பது அவர் கொள்கை. “தண்ணியச் சூடாக்குற காயில் போச்சு. வால்வு இறுகிப் போச்சு. உள்ளே உப்பு பாறையா உறைஞ்சு கிடக்கு.”

“நாளைக்குக் காலையில மாமியார் ஃப்ளைட்ல வந்து இறங்குதாங்க. முதல் தடவையா வாராங்க. மூட்டுவலிக்காரங்க பாய்! பச்சைத்தண்ணி பட்டாப் போதும், ‘என் மவன் வீட்டுல ஒரு வாளி வெந்நிக்கு வழியில்ல’ன்னு தூத்துக்குடி முழுக்க ஃபோன் போட்டுருவாங்க. பழி மவனுக்கா வரும்? மருமவளுக்குத்தான்!”

“வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லாமலா? மூணு குளிர்காலமாச் சொல்லுதேன். ‘வர்ற ஞாயித்துக்கிழமை’ம்பாரு. எந்த வருசத்து ஞாயித்துக்கிழமைன்னு மட்டும் சொன்னதில்ல.”

சாகிர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் பையைத் திறந்துகொண்டிருந்த டெக்னீஷியன் மரியராஜ் சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த ஸ்பானர்தான் நழுவி விழுந்தது.

“சில ஆம்பளைங்க அப்படித்தான். நம்ம மரியராஜைப் பாருங்க. எந்த வீட்டுல கூப்பிட்டாலும் உடனே ஓடுவான். கம்பெனியிலேயே நம்பர் ஒன்!”

“அப்படியா?” எலிசா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “அவரைக் கட்டினவ கொடுத்துவச்சவ.”

“சார், பேசிட்டே நின்னா வேலை ஆகாது,” என்று மரியராஜ் விறுவிறுவெனக் குளியலறைப் பக்கம் போனான். வாசலில் பெயர்ந்து கிடந்த டைல்ஸைக் குனிந்து பாராமலே தாண்டினான்.

“கடைசி விலை முந்நூத்தம்பது. கலாஸ், பேச்சு முடிஞ்சது,” என்றார் சாகிர்.

“இருநூறு.”

“காயில் விலையே அவ்வளவு ஆகுது தங்கச்சி!”

“இருநூத்தம்பதுக்கு முடிச்சிரலாம் சார்,” என்று உள்ளேயிருந்து மரியராஜின் குரல் வந்தது. “நம்ம ஸ்டோர்ல போன வருசத்துக் காயில் சும்மாதான் கிடக்கு. பாவம், பழைய வீடு.”

சாகிர் வாயைப் பிளந்தார். “டேய், நீ கம்பெனி ஆளா, கஸ்டமர் ஆளா?”

உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது.

“உங்க ஆளே சொல்லிட்டாரு பாய். இருநூத்தம்பது!” எலிசா பிடியை விடவில்லை. “அதோட கிச்சன் குழாய் சொட்டுது, மாடித் தொட்டி மூடி காத்துக்கு ஆடுது. அதையும் பார்த்துரச் சொல்லுங்க. அவருதான் நம்பர் ஒன்னாச்சே!”

சாகிர் தோற்றவர்போல நெற்றியைத் தேய்த்தார். “யல்லா, சீக்கிரம் மரியராஜ், எல்லாத்தையும் முடிச்சிட்டே கிளம்புவோம்.”

மதியம் சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. எலிசா குழாயைத் திறந்தாள். முதலில் அது இருமியது. பிறகு துரு நிறத்தில் துப்பியது. பிறகு தெளிந்து, ஆவி பறக்க ஊற்றியது. விரலை நீட்டி, சுட்டதும் இழுத்துக்கொண்டு, வெட்டிய கிணற்றில் ஊற்றைக் கண்டவள்போலச் சிரித்தாள். சாகிரிடம் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டுக் கேட்டு டீ கலந்தாள். மரியராஜிடம் கேட்கவில்லை, சர்க்கரை போடாமலே நீட்டினாள்.

டீயைக் குடித்துவிட்டு சாகிர் ஃபோனைத் தட்டினார். “புக் பண்ணின நம்பருக்கு பில்லும் ஓடிபியும் அனுப்பிட்டேன். ஓடிபியைப் பார்த்துச் சொல்லுங்க தங்கச்சி, வேலையை முடிச்சதாப் போட்டுடறேன்.”

மேசைமேல் கிடந்த எலிசாவின் ஃபோன் மூச்சுவிடவில்லை.

‘டிங்’ என்றது மரியராஜின் சட்டைப்பை.

“வாசிச்சுச் சொல்லுங்க, உங்க நம்பர்லதான் புக் பண்ணினேன்,” என்றாள் எலிசா, மரியராஜின் சிவந்த காதுகளைப் பார்த்தபடி. “பில்லையும் கையோட கட்டிட்டு, காலையில ஏர்போர்ட்டுக்கு நேரத்துக்குப் போயிருங்க, வாரது உங்க அம்மா, மூணு குளிர்காலத்துக் கணக்கு இத்தோட நேராயாச்சு, ஏசி சர்வீஸ் மட்டும்தான் பாக்கி!”