எஃகுக் குமிழ்கள்

பதினோராவது துளையை முடித்து டிரில்லை நிறுத்தினான்.

கருங்கல் தூள் கண்ணாடியில் படிந்திருந்தது. துடைக்கவில்லை. ஹெல்மெட், கண்ணாடி, தூசி முகமூடி. முகம் என்று வெளியே தெரிய ஒன்றுமில்லை.

இன்று அது நல்லதாகப் போயிற்று.

துளையில் பசையை விட்டு எஃகுக் குமிழை இறக்கினான். இரண்டு சாணுக்கு ஒன்று. இனி இந்தப் பீடத்தின் விளிம்பில் எந்த ஸ்கேட்போர்டுப் பலகையும் வழுக்கிப் போகாது.

மேலே சம்மட்டி தூக்கிய வெண்கலத் தொழிலாளி. கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சி போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. சிலையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டித் தள்ளி, பலகை வழுக்க விளிம்பில் மெழுகுவத்தி தேய்த்து, சதுக்கத்துக்கு மறுபடி ஆள் வரவைத்தவர்கள் ஸ்கேட்போர்டு பிள்ளைகள்தான்.

ஏழு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் அவர்களில் ஒருவன்.

ருமேனியாவில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அவர்கள் மட்டும். கம்பெனியில் அவன் நாற்பத்திரண்டாம் நம்பர். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில். என்ன வேலை என்று பிள்ளைகள் கேட்டதில்லை.

காலையில் வேனிலிருந்து இறங்கியபோதுதான் இடம் எதுவென்று தெரிந்தது. உடம்பு சரியில்லை என்று மேஸ்திரி செல்லையாவிடம் சொல்லிப் பார்த்தான்.

"ஒடம்பு சரியில்லன்னா ஊருக்கே போயிருல. நாளைக்கே ஏத்திவிடச் சொல்லுதேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போன மாதம் ஒருவனை அப்படித்தான் ஏற்றிவிட்டார்கள்.

இப்போது படிக்கட்டில் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். கக்கத்தில் பலகைகள். முன்னால் ரலூக்கா. அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டுதான் அவன் முதன்முதலில் பலகைமேல் நின்றான்.

அவள் அவனைப் பார்த்து ஒரு வார்த்தை கத்தினாள்.

"என்னல சொல்லுதா அந்தப் புள்ள?"

"தெரியலண்ணே."

தெரியும். அவள் கற்றுக்கொடுத்த வசவுதான்.

பன்னிரண்டாவதைத் துளைத்தான். பசை விட்டான். குமிழை இறக்கினான். மேஸ்திரி பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை.

ரலூக்கா படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். இரண்டு கட்டைவிரல்களாலும் வேகமாகத் தட்டினாள்.

அவன் அடுத்த சாக்பீஸ் புள்ளியில் டிரில்லை வைத்தான்.

தொடைப் பையில் போன் அதிர்ந்தது.

ரலூக்கா தலையைத் தூக்கினாள். அவன் பக்கம் திரும்பவில்லை. ஞாயிறுதோறும் அவன் வந்து இறங்கும் டிராம் நிறுத்தத்தைப் பார்த்தாள்.