சத்தம் போடாத காமிரா

"அக்கா, பீரங்கி சரி. காமிரா எங்கே?"

பெங் அண்ணன் கேட்டதும், பறவைப் படம் எடுக்க வந்திருந்த நாங்கள் ஐந்து பேரும் சிரித்தோம்.

அந்த அம்மாள் பெயர் யுவேயிங். அறுபதைத் தாண்டியவர். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளை ஜூம் லென்ஸ்; நாங்கள் பீரங்கி என்பது அதைத்தான். அதன் வால் பக்கம், உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு மிரர்லெஸ் காமிரா. முக்காலிகூட இல்லை. கையிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதோ இருக்கே. கண்ணாடி போட்டுப் பாருங்க."

"இவ்வளவு கனத்த லென்ஸுக்கு இந்தக் குட்டியா? முன்பாரம் இழுக்கும், கை நடுங்கும். ஒரு படம் உருப்படியா வராது."

"கனத்தை இடது கை பாத்துக்கும். தூக்குறது நான். உங்களுக்கு ஏன் தோள் வலிக்குது?"

பெங் அண்ணனிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நான்டோ மலையில் எந்தப் பறவை எங்கே கூடு கட்டினாலும் முதல் சேதி அவருக்குத்தான் வரும். கோயிலுக்குப் பின்னால் மூங்கில் தோப்பில் நீலக்குருவி குஞ்சு பொரித்திருக்கிறது என்று எங்களைக் கூட்டி வந்து, முக்காலிகளை வரிசையாக நிறுத்தி, யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுத்ததும் அவர்தான்.

யுவேயிங் அம்மாள் அந்த வரிசையில் சேரவில்லை. தள்ளிப் போய் ஒரு பாறை மேல் ஏறி நின்றுகொண்டார்.

"அங்கேருந்து எங்க முதுகுதான் தெரியும்!" என்றார் பெங் அண்ணன்.

"பரவாயில்ல. முதுகுலயும் நிறையத் தெரியும்."

திமிர் பிடித்த பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மணி வரை அவர் பக்கமிருந்து ஒரு 'கிளிக்' வரவில்லை. எங்கள் காமிராக்களோ சோளம் பொரிவது போலப் படபடத்துக்கொண்டிருந்தன.

"அழகுக்குத் தூக்கிட்டு வந்திருக்காங்க போல," என்றார் பெங் அண்ணன், சோற்று உருண்டையைக் கடித்தபடி. பிறகு என் பக்கம் திரும்பினார். "லியாவ், கூட்டை மறைக்குது பாரு அந்த இலை. கொஞ்சம் சுத்தம் பண்ணிடு."

எங்கள் பாஷையில் அதற்குப் பேர் சுத்தம் பண்ணுவது. என் பையில் எப்போதும் கத்தரிக்கோல் உண்டு. போனேன், நாலு கிளையை வெட்டினேன், வந்தேன். கூடு பளிச்சென்று தெரிந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள்; வெயில் நேராக அவற்றின் மேல் விழுந்தது. தாய்க்குருவி இரண்டு முறை வந்தது. கூட்டில் உட்காராமல் கத்திக்கொண்டே பறந்து போய்விட்டது.

அப்போதுதான் யுவேயிங் அம்மாள் பாறையை விட்டு இறங்கி வந்து, எங்கள் பீரங்கி வரிசைக்கு நேர் எதிரே நின்றார்.

"வெட்டினதைத் திரும்பக் கட்டுங்க."

"மறைக்காதீங்க அக்கா! எதைக் கட்டணும்? அது காத்துல ஒடிஞ்சு விழுந்தது."

"காத்துக்குக் கத்தரிக்கோல் யார் குடுத்தா?"

என் பையை மெல்லக் காலுக்குப் பின்னால் தள்ளினேன்.

"ஆதாரம் இருக்கா?" பெங் அண்ணன் குரலை உயர்த்தினார். "காலையிலேருந்து அந்தப் பொம்மையில ஒரு சத்தம் கேக்கல. எங்களுக்குச் சட்டம் பேச வந்துட்டீங்க!"

"இதுக்குச் சத்தம் போடாமலே எடுக்கத் தெரியும். கூட்டுல இருக்கிறது மிரளக் கூடாதுன்னுதான் இந்தக் குட்டியை வாங்கினேன்." லென்ஸைத் தட்டிக் காட்டினார். "இது அந்தப் பாறையிலேருந்தே விரல் நகம் வரைக்கும் காட்டும். வெட்டினது யாரு, வெட்டச் சொன்னது யாருன்னு வனத்துறை ஆபீஸ்ல வந்து பாத்துக்குங்க. கட்டுற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

எங்களில் ஒருவர் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் தொப்பியை மூக்கு வரை இறக்கிக்கொண்டார்.

"கட்டித் தொலை, லியாவ்," என்றார் பெங் அண்ணன்.

கயிறு இல்லை. என் ஷூ லேஸ் இரண்டையும் உருவி, கிளைகளைப் பழைய இடத்திலேயே கட்டினேன். முக்காலிகள் இருபதடி பின்னால் போயின. கால் மணி நேரத்தில் தாய்க்குருவி வந்து குஞ்சுகளின் மேல் உட்கார்ந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதைவிட வெட்கமாக இருந்தது.

யுவேயிங் அம்மாளுக்குக் கை ஓய்ந்து போயிருந்தது. என்னைத்தான் கூப்பிட்டார்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க தம்பி. தண்ணி குடிச்சுக்கறேன்."

காமிராவைப் பிடித்து வாங்கினேன். பட்டென்று புறங்கையில் ஓர் அடி விழுந்தது.

"லென்ஸைப் பிடிங்க! குட்டியைப் பிடிச்சுத் தூக்கினா மொத்தக் கனமும் அது கழுத்துல இறங்கும்."

மாற்றிப் பிடித்தேன். கிளை வெட்டிய என் கை படத்தில் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. பட்டனை அழுத்தினேன். திரை இருட்டாகவே இருந்தது. மறுபடியும் அழுத்தினேன்.

"பேட்டரி ஏழரைக்கே போச்சு," என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. "இதுகிட்ட இருக்கிற குறை அது ஒண்ணுதான். மாத்து பேட்டரி வீட்டு மேசை மேல கிடக்கு."

நான் கிளையை வெட்டியது எட்டு மணிக்கு.

"அப்போ நாங்க வெட்டின படம்...?"

"ஒண்ணுகூட இல்ல. போய்ச் சொல்லுங்க, உடனே அவிழ்த்துடுவாங்க. அப்பவும் போய்க் குறுக்கேதான் நிப்பேன்."

பின்னாலிருந்து பெங் அண்ணன் கேட்டார். "லியாவ்! பாத்தியா? நிஜமாவே படம் விழுந்திருக்கா?"

லென்ஸை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"எல்லாமே விழுந்திருக்கு அண்ணே! என் கைதான் ரொம்பத் தெளிவு!"